வரிக் குறைப்பா? வாய்மைக் குறைப்பா?

தில்லி நாடாளுமன்றத்தில் சங்கப் பாட்டும் குறளும் எடுத்தோதப் பெறுவதைக் கேட்டு உள்ளம் குளிராத தமிழர் இலர். நடுவணரசின் நிதியமைச்சர் திருவாட்டி நிருமலா சீதாராமன், 2019 சூலை 5-ஆம் நாள் தம் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்குங்கால், பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அறிவுறுத்திய புறநானூற்றுப் பாட்டை எடுத்துக் காட்டினார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும்; யானையே வயலுள் புகுந்து மேயுமாயின், வாய்க்குள் போவதினும் காற்கீழ் அழிவதே மிகுதியாம் என்பது அப்பாட்டின் கருத்து. வரி வாங்குவார்க்கு இதனினும் சிறந்த அறிவுரை வேறில்லை. ஆனால் அதே நாளில், அதே உரையில், பெட்ரோலுக்கும் தீசலுக்கும் இலிட்டருக்கு 2 உருபா வரி கூட்டப்பெற்றது. பாட்டு அவையில் ஒலித்தது; யானை வயலில் இறங்கிற்று.

2025 பிப்பிரவரி 1-ஆம் நாள் மீண்டும் அவ்வவையில் தமிழ் ஒலித்தது. இம்முறை திருக்குறளில் செங்கோன்மை கூறும் பகுதி. அவ்வுரையிலேயே, ஆண்டுக்கு 12 இலக்கம் உருபா வரை வருவாய் உடையார்க்கு இனி வருவாய் வரி இல்லை என்னும் அறிவிப்பும் வந்தது. நான்கு நாள் கழித்து, பிப்பிரவரி 5-இல், தில்லிச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. ஆளுங்கட்சி 70 இடங்களில் 48-ஐ வென்றது. வரிக் குறைப்பு ஒன்றே அவ்வெற்றியைத் தந்தது என்று கூறுதல் மிகைபடக் கூறலாம். ஆயினும் நாட்களின் வரிசையை யாராலும் மறைக்க முடியாது. 2019 பிப்பிரவரி 1-ஆம் நாளும் இவ்வாறே, வரிக்குரிய வருவாய் 5 இலக்கம் வரை உள்ளார்க்கு வரி இல்லை என அறிவிக்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்பிரலில் நாடாளுமன்றத் தேர்தல் தொடங்கிற்று.

வரியைக் குறைத்தல் குற்றமா? அன்று. கைக்கு வருமுன்னரே வரி பிடிக்கப்பெறும் ஆசிரியரும் எழுத்தரும் செவிலியரும் பல்லாண்டுகளாகச் சுமந்த சுமை மெய்யானது. அதனைக் குறைத்தது நன்றே. குற்றம் குறைப்பில் இல்லை. அதனை மக்களிடம் விற்ற முறையில் உள்ளது. பெற்றவரைக் காட்டிப் பெறாதவரை மறைப்பதும், கொடுத்தவர் தாமே எனப் பறைசாற்றி, உடன் இழந்தவரை மறைப்பதும், ஒரு கையால் கொடுத்ததை உரக்கச் சொல்லி, மறுகையால் எடுத்ததை வாய்க்குள் முணுமுணுப்பதும் அரசியல் நேர்மையாகா. ஒரு தட்டை மட்டும் காட்டுவது நிறைகோலுக்கு அழகன்று.

சொல்லிலேயே தொடங்கும் மறைப்பு

முதற்கண் சொல்லை ஆராய்தல் வேண்டும். சொல் பிழைத்தால் பொருள் பிழைக்கும்.

சோழப் பேரரசன் முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்னும் பெயர் உண்டு. தவிர்த்தான் என்றால் தவிர்த்தான். அச்சொல்லில் உட்கதவு இல்லை. இக்காலத்து அறிவிப்பிலோ உட்கதவு பல. '12 இலக்கம் வரை வரி இல்லை' என்றவுடன், 12 இலக்கத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்று எளிய மக்கள் எண்ணினர். அஃது உண்மையன்று. வரி விலக்கின் எல்லை 4 இலக்கமே. அதற்கு மேல் வரி கணக்கிடப்பெறும். 12 இலக்கத்தைத் தாண்டாதவர்க்குக் கணக்கிட்ட வரி தள்ளுபடி செய்யப்பெறும். விலக்கு வேறு, தள்ளுபடி வேறு.

வேறுபாடு சிறிதன்று. வரிக்குரிய வருவாய் 13 இலக்கமாக உள்ள ஒருவரைக் கருதுக. 12 இலக்கம் வரை மெய்யாகவே விலக்கு என்றால், எஞ்சிய ஓரிலக்கத்துக்கு 15 விழுக்காட்டின்படி அவர் 15,000 உருபா செலுத்தினால் போதும். ஆனால் புதிய அட்டவணைப்படி அவர் செலுத்த வேண்டியது 75,000 உருபா. அதன்மேல் 4 விழுக்காடு மேல்வரியும் உண்டு. பங்கு விற்ற ஊதியம் போன்ற தனி வீத வருவாய்க்கு இத்தள்ளுபடி பொருந்தாது. இவையெல்லாம் சட்டத்தில் எழுதப்பெற்றுள்ளன. பொய் என்று எவரும் வழக்காட முடியாது. ஆனால் மேடைதோறும் முழங்கியது சட்டத்தின் சொல் அன்று, விளம்பரத்தின் சொல். வரி என்னும் சொல்லுக்குத் தமிழில் கோடு என்றும் பொருள். கோடு நேராக இருத்தல் வேண்டும், கோடியது கோணல். கோடாமையே செங்கோன்மை.

யாருக்கு வந்தது?

கொள்ளிடத்துக்கு வடக்கே மண்ணச்சநல்லூர், அரிசி ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். பொன்னி அரிசி என்றால் அவ்வூர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் தமிழகம் எங்கும் உண்டு. அங்கு நெல் அவிப்பவரும், களத்தில் உலர்த்தும் பெண்டிரும், மூட்டை சுமப்பவரும் ஆண்டு முழுதும் உழைத்தாலும் வருவாய் வரியின் வாயிற்படியை எட்டாதவர்கள். அவர்களுக்கு இவ்வறிவிப்பால் ஒரு காசும் வரவில்லை. வரி கட்டாதவர்க்கு வரிக் குறைப்பு எவ்வாறு வரும்?

2023-24-ஆம் நிதியாண்டில் நாடு முழுதும் வருவாய்க் கணக்கு அளித்தவர் 8 கோடிக்குச் சற்று மேல். அவர்களிலும் ஏறத்தாழ 4.9 கோடிப் பேர் வரிக்குரிய வருவாய் இல்லை எனக் காட்டியவர்கள். 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் மெய்யாக வருவாய் வரி செலுத்துவார் மிகச் சிலரே. எனினும் வரிக் குறைப்பு, 'நாட்டு மக்களுக்கு' அளிக்கப்பெற்ற கொடையாகவே பேசப்பெற்றது.

அச்சிலர்க்குள்ளும் பங்கீடு எவ்வாறு? புதிய முறையில் 7 இலக்கம் வருவாய் உடையவர் 2023 முதலே வரி செலுத்தவில்லை. ஆதலின் அவர்க்கு 2025-இல் வந்த மிச்சம் சுழி. 9 இலக்கம் உடையவர்க்கு 40,000; 12 இலக்கம் உடையவர்க்கு 80,000; 25 இலக்கம் உடையவர்க்கோ 1,10,000 உருபா. நடுத்தட்டு மக்கள் என்னும் பெயரைச் சொல்லியே மேற்றட்டினர்க்கும் மிகுதியாகப் படைக்கப்பெற்றது என்பதை எந்த மேடையும் கூறவில்லை.

உரக்கச் சொல்லாத குறைப்புகளும் உள. 2019 செப்டம்பர் 20-ஆம் நாள், நாடாளுமன்றம் கூடாத வேளையில், அவசரச் சட்டத்தின் வழியே நிறுமங்களின் வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகவும், புதிய உற்பத்தி நிறுமங்களுக்கு 15 விழுக்காடாகவும் குறைக்கப்பெற்றது. இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி உருபா வருவாய் இழப்பு என்று அரசே கூறிற்று. 2023-இல், ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் ஈட்டுவார் செலுத்தும் மிகைவரி, புதிய முறையில் 37 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாயிற்று. விளைவு யாது? 2023-24-இல் நிறுமங்கள் செலுத்திய வரி ஏறத்தாழ 9.11 இலக்கம் கோடி. தனியாட்கள் செலுத்தியதோ ஏறத்தாழ 10.44 இலக்கம் கோடி. பெருமுதலாளிகளின் சுமையை இறக்கியதால் தனியாளின் தோள் கனத்தது. பிறகு அத்தோளிலிருந்து சிறிது இறக்கிவிட்டு நன்றி கேட்பது எவ்வகை வண்மை?

இனி ஆலைக் கூலியாளிடம் மீள்வோம். அவர் வருவாய் வரி கட்டாதவர். வரியே கட்டாதவர் அல்லர். 2022 சூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு சரக்கு பணி வரி விதிக்கப்பெற்றது. தமிழ்நாட்டு அரிசி ஆலையினர் எதிர்த்தனர். அதன்பின் 26 கிலோ மூட்டை கடைக்கு வந்தது. ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் வரி இல்லை. ஆனால் 5 கிலோவும் 10 கிலோவும் வாங்கும் ஏழை, அடைத்த பையை வாங்கினால் வரி கட்ட வேண்டும். 26 கிலோவுக்குக் கைப்பணம் உள்ளவனுக்கு விலக்கு, இல்லாதவனுக்கு வரி. நெல் விளைந்த ஊரிலேயே யானை புகுந்த கதை இது. இவ்வரியை முடிவு செய்த மன்றத்தில் மாநிலங்களும் அமர்ந்திருந்தன. பழியில் அவற்றுக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் நடுநிலை ஆகாது.

யார் பணத்தில் கொடை?

எல்லாவற்றினும் பெரிய மறைப்பு இனித்தான் வருகின்றது.

2025-ஆம் ஆண்டு வரிக் குறைப்பால் ஏறத்தாழ ஓரிலக்கம் கோடி உருபா வருவாய் இழப்பு என நிதியமைச்சர் தம் உரையில் கூறினார். அதனைக் கூறியது நேர்மையே. ஆனால் கூறாமல் விட்டது ஒன்று உண்டு. வருவாய் வரி தில்லியின் தனிச்சொத்து அன்று. பதினைந்தாம் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, 2021 முதல் 2026 வரை, பகிர்வுக்குரிய வரிகளில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு உரியது. ஆகவே இழந்த 100 உருபாவில் 41 உருபா மாநிலங்களின் இழப்பு. அந்த 41 விழுக்காட்டில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. கணக்கிட்டால் தமிழ்நாட்டு அரசுக்கு வரவேண்டியதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,670 கோடி உருபா குறைகின்றது. ஓரிலக்கம் கோடிக் கொடைக்குப் புகழ் முழுதும் தில்லிக்கு. செலவில் ஐந்தில் இரண்டு பங்கு மாநிலங்களுக்கு. விருந்து வைத்தவன் ஒருவன். அரிசி கொடுத்தவன் இன்னொருவன். கொடுத்தவனைக் கேட்கவும் இல்லை. பந்தியில் அவன் பெயரைச் சொல்லவும் இல்லை.

தமிழ்நாட்டின் பங்கே தேய்ந்து வந்தது என்பது வேறு. பன்னிரண்டாம் நிதிக்குழு அளித்தது 5.305 விழுக்காடு, பதின்மூன்றாவது 4.969, பதினான்காவது 4.023. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னின்ற மக்களுக்குக் கிடைத்த பரிசு அது.

மாநிலங்களோடு பகிர வேண்டிய வரியைக் குறைக்கும் கை, பகிர வேண்டாத வரியை வளர்த்தது என்பதையும் காண்க. செசு என்றும் சர்ச்சார்சு என்றும் ஆங்கிலப் பெயரால் வழங்கும் மேல்வரியும் மிகைவரியும் மாநிலங்களுக்குப் பகிரப்படுவதில்லை. அரசமைப்புச் சட்டமே அவற்றைத் தில்லிக்கு ஒதுக்கிவிட்டது. நடுவணரசின் மொத்த வரி வருவாயில் இவை 2011-12-இல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 2020-21-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பெட்ரோலை எடுத்துக்கொள்க. 2021 பிப்பிரவரிக்குப் பின் இலிட்டருக்கு நடுவணரசு வாங்கிய வரி 32 உருபா 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர்தற்குரிய அடிப்படைத் தீர்வை 1 உருபா 40 காசு மட்டுமே. எஞ்சிய 31 உருபா 50 காசும் தில்லிக்கே. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே திங்களிலும் அவ்வரி குறைக்கப்பெற்று 19 உருபா 90 காசாயிற்று. குறைத்தபோதும் மாநிலங்களும் தத்தம் வரியைக் குறைக்க வேண்டும் என்று தில்லி அறிவுரை கூறிற்று. வாங்குங்கால் தனித்து வாங்கி, விடுங்கால் கூட்டுச் சேர்வது என்ன முறை?

கல்வியின் பேரால்

வருவாய் வரியின்மேல் 2004-இல் 2 விழுக்காடு கல்வி மேல்வரி விதிக்கப்பெற்றது. 2007-இல் 3 ஆயிற்று. 2018-இல் நலவாழ்வையும் சேர்த்து 4 ஆயிற்று. திருச்சியிலும் திருவரங்கத்திலும் மண்ணச்சநல்லூரிலும் வரி கட்டும் ஒவ்வொரு தமிழரும் கல்வியின் பேரால் இதனைச் செலுத்துகின்றனர். கல்விக்கென்று கொடுத்த பணம் கல்விக்கு வரவேண்டும் அன்றோ?

2024-25-ஆம் ஆண்டில் பள்ளிக் கல்விக்கான 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி உருபா நிறுத்தி வைக்கப்பெற்றது. மும்மொழியை உள்ளடக்கிய தேசியக் கல்விக் கொள்கையையும் அதனோடு பிணைந்த திட்டத்தையும் தமிழ்நாடு ஏற்காமையே அதற்குக் கூறப்பெற்ற கரணியம். 2025 மே திங்களில் தமிழ்நாட்டரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று. ஆசிரியரின் சம்பளத்தில் கல்வி மேல்வரி பிடிப்பதில் ஒருநாளும் தவறவில்லை. அவ்வாசிரியர் பாடம் நடத்தும் பள்ளிக்குரிய பணத்தையோ மொழியைக் காட்டி நிறுத்தினர். அதே ஆசிரியரிடம் 40,000 உருபா மிச்சத்தைக் காட்டி நன்றி எதிர்பார்த்தனர். தமிழாசிரியர்கள் இக்கணக்கை நன்றாகப் போட்டுப் பார்த்தல் வேண்டும். தம் பைக்கு வந்ததை மட்டும் எண்ணி, தம் வகுப்பறையிலிருந்து போனதை எண்ணாதவர் பாதிக் கணக்கே போட்டவர் ஆவர்.

2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்குச் சரக்கு பணி வரி குறைந்ததும் ஏழைக்கு நன்மையே. ஆனால் மாநிலங்களும் அமர்ந்து முடிவெடுத்த அக்குறைப்புக்குத் தலைமையமைச்சர் 'பச்சத் உத்சவ்' என்று இந்தியில் பெயரிட்டுத் தம் விழாவாக அறிவித்தார். இழப்பு எல்லார்க்கும் பொது. விழாவின் பெயரோ ஒரு மொழிக்கே உரிமை.

வீட்டுக் குற்றமும் ஒரு பழைய எடுத்துக்காட்டும்

தில்லியைக் குறைகூறும் தமிழ்நாட்டுக் கட்சிகள் தூயவையா? 2021 தேர்தலில் பெட்ரோலுக்கு 5 உருபா குறைப்பதாகச் சொன்ன திராவிட முன்னேற்றக் கழகம், ஆட்சிக்கு வந்தபின் குறைத்தது 3 உருபா. அவ்வாண்டு ஆகத்து 9-இல் மாநிலத்தின் நிதிநிலை பற்றிய வெள்ளையறிக்கையை வெளியிட்டது பாராட்டற்குரியது. ஆனால் அக்கணக்கைத் தேர்தலுக்கு முன் எண்ணியிருந்தால் 5 என்னும் எண் வாயில் வந்திராது. வாக்குறுதி அச்சிடும் நாளில் கணக்கேட்டைத் திறவாமை எல்லாக் கட்சிக்கும் பொதுநோய்.

நேர்மைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், தமிழியக்கத்தின் பகைவரிடமிருந்தே எடுக்கலாம். 1938-இல் பள்ளிகளில் இந்தியைத் திணித்தவர் இராசகோபாலாச்சாரியார். அதனை எதிர்த்து அவ்வாண்டு ஆகத்து 1-ஆம் நாள் தமிழர் படை திருச்சி உறையூரிலிருந்துதான் சென்னைக்கு நடந்தது. அப்பிழையை வரலாறு மன்னியாது. ஆயினும் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய அவர், கள்ளால் வந்த வருவாய் போனால் வேறொன்று வேண்டும் என்பதை மறைக்கவில்லை. 1939-இல் பொது விற்பனை வரியைச் சட்டமாக்கினார். வணிகர் சினந்தனர், அவர் ஈடுகொடுத்தார். ஒன்றை விட்டால் ஒன்றை எடுக்க வேண்டும் என்பதை வெளிப்படச் சொல்லும் துணிவு அது. பகைவரிடத்தும் உள்ள நன்றை நன்றென்பதே தமிழர் நடுநிலை.

கணக்குக் காட்டாத வரிக் குறைப்பு என்னாகும் என்பதற்குப் பிரித்தானியம் சான்று. 2022 செப்டம்பர் 23-இல் இலிசு திரசின் அரசு, தன்னுரிமையுடைய வரவு செலவு ஆய்வு அலுவலகத்தின் மதிப்பீட்டை வெளியிடாமலே பெரும் வரிக் குறைப்பை அறிவித்தது. பணச்சந்தை கலங்கிற்று, மேற்றட்டினர்க்கான குறைப்பு பத்து நாளில் கைவிடப்பெற்றது, நிதியமைச்சர் நீக்கப்பெற்றார், ஒரு திங்களுக்குள் தலைமையமைச்சரே பதவி விலகலை அறிவித்தார். அங்குக் கணக்கைக் கேட்கும் ஓர் அலுவலகமேனும் இருந்தது. இங்கு அத்தகைய தன்னுரிமை அமைப்பு ஒன்றும் இல்லை. ஆதலின் கேட்கும் கடமை மக்களுக்கே உரியது.

கேட்க வேண்டிய ஐந்து

இனி எக்கட்சி, எம்மேடையில், எவ்வரியைக் குறைப்பதாகக் கூறினும், தமிழ் மக்கள் ஐந்து வினாக்களைக் கேட்டல் வேண்டும்.

ஒன்று: இஃது விலக்கா, தள்ளுபடியா, வெறும் வீதக் குறைப்பா?

இரண்டு: இதனால் பயன் பெறுவார் எத்துணைப் பேர்? அவருள் மிகுதியாகப் பெறுபவர் யார்?

மூன்று: இழந்த வருவாயை எதனால் ஈடு செய்வீர்? வேறு வரியாலா, கடனாலா, செலவைக் குறைத்தா? குறைக்கும் செலவு எது?

நான்கு: இழப்பில் மாநிலத்தின் பங்கு எவ்வளவு? அம்மாநிலத்தைக் கேட்டீரா?

ஐந்து: பகிரத்தக்க வரியைக் குறைக்கும் நீவிர், பகிராத மேல்வரியையும் மிகைவரியையும் குறைப்பது எந்நாள்?

இவ்வைந்துக்கும் விடை கூறி வரியைக் குறைப்பவர் எவராயினும், அவர் எம்மொழியினராயினும், பாராட்டுக்குரியவர். விடை கூறாது குறைப்பவர் வரியைக் குறைக்கவில்லை. வாய்மையைக் குறைத்தவர் ஆவர்.

வள்ளுவர் செங்கோன்மையோடு நிறுத்தவில்லை. அதனை அடுத்தே கொடுங்கோன்மையையும் வைத்தார்; கோலேந்தி நின்று பொருள் கேட்கும் வேந்தனை வழிப்பறிப்பவனோடு ஒப்பிட்டார். முன்னதை அவையில் ஓதுபவர் பின்னதையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். குறள் மேடையில் அழகுக்குச் சூடும் மாலை அன்று. ஆள்வோரை நிறுக்கும் கோல்.

மண்ணச்சநல்லூர் ஆலையில் நிறைகோலைத் தொடுபவர் அறிவர்: ஒரு தட்டை மறைத்து நிறுப்பவனிடம் இரண்டாம் முறை எவனும் நெல் போடான். ஆள்வோரிடத்தும் தமிழர் அவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும். அரிசிக்குக் காட்டும் கண்ணை அரசுக்கும் காட்டுக!